இது எங்கே போகும்?

மாதாமாதம் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மருந்து வரிசையில் நிற்கிறவர்களுக்கு வணக்கம். துணைக்கு வந்து வெளி பெஞ்சில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிற அம்மாக்களுக்கும் அண்ணன்களுக்கும் வணக்கம். கடைசி வரிசையில், கழுத்தில் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருக்கும் இளம் பணியாளர்களுக்கும் வணக்கம். உங்களுக்குச் சொல்லவும் கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 10, உலக மனநல நாள் வந்துவிட்டால் எல்லா மேடையிலும் ஒரே வாசகம்: மனம் விட்டுப் பேசுங்கள். நல்ல வாசகம்தான், சுவரொட்டிக்கு அழகாக இருக்கும். ஆனால் யாரிடம் பேசுவது? எவ்வளவு பேசுவது? பேசியது எங்கே போய்ச் சேரும்? இதை எந்தச் சுவரொட்டியாவது சொல்கிறதா? கேஸ் மேனேஜரிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது, அதை யார் முடிவு செய்வது என்பதுதான் இன்று என் பேச்சு. நானும் கேஸ் மேனேஜர் மேசைக்கு அந்தப் பக்கம் பல வருடம் உட்கார்ந்து ஃபைல் எழுதியவள். அந்தப் பக்கத்தில் என்ன நடக்கும் என்பது தெரியும் என்கிற உரிமையில்தான் பேசுகிறேன்.

கேஸ் மேனேஜர் என்று ஒருவர் எதற்காக வந்தார்? அமெரிக்காவில் பெரிய பெரிய மனநோய் மருத்துவமனைகளைக் காலி செய்து, உள்ளே இருந்தவர்களை ஊருக்குள் அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. வெளியே வந்தவருக்கு வீடு யார் பார்ப்பது? மாத்திரை தீர்ந்தால் யார் வாங்கித் தருவது? வேலைக்கு யாரிடம் பேசுவது? 1970-களில் விஸ்கான்சின் மாநிலத்து மெண்டோட்டா மருத்துவமனையில் லெனார்ட் ஸ்டைன், மேரி ஆன் டெஸ்ட் இருவரும் பணியாளர்களை வார்டை விட்டுத் தெருவுக்கு அனுப்பினார்கள். நோயாளியின் வீட்டுக்கே போய் வேலை செய்யுங்கள் என்றார்கள். நம் ஊரிலும் 1984-இல் மருத்துவர் சாரதா மேனன் முன்னின்று தொடங்கிய ஸ்கார்ஃப், 1993-இல் தொடங்கிய பான்யன் போன்ற அமைப்புகள் அந்த வேலையை நம் தெருக்களுக்குக் கொண்டுவந்தன. ஓர் இடத்தில் சோஷியல் ஒர்க்கர் என்பார்கள், ஓர் இடத்தில் கேஸ் மேனேஜர் என்பார்கள். வீட்டில் எல்லாருக்கும் அவர் "அந்த ஆஸ்பத்திரி அக்கா".

அந்த அக்கா என்ன செய்கிறார்? அடுத்த தேதியை ஞாபகப்படுத்துகிறார். மாற்றுத்திறனாளி அட்டைக்கு அலைகிறார். வேலை தருகிறவரிடம் பேசுகிறார். உங்கள் அம்மாவைச் சமாதானப்படுத்துகிறார். டாக்டரிடம் நீங்கள் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறார். ஆக, நாலு பேரோடு பேசினால்தான் அவர் வேலை நடக்கும். நாலு பேரோடு பேசுகிறவர் என்பதாலேயே உங்களுக்குப் பயமும் வருகிறது. இரண்டும் நியாயம்.

அதனால் நான் ஒரு கேள்வியைத் தருகிறேன். எதையும் சொல்லும் முன் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேளுங்கள்: "மேடம், நான் இதைச் சொன்னா, இது எங்கே போகும்?" ஃபைலில் எழுதுவீர்களா? வாராந்திரக் கூட்டத்தில் பேசுவீர்களா? டாக்டருக்குப் போகுமா? என் வீட்டுக்காரருக்குப் போகுமா? இப்படிக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நினைக்காதீர்கள். கோபித்துக்கொள்கிறவரிடம் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

முதல் நாள் நாலு பக்கப் படிவத்தோடு உட்காருவார்கள். குடிப்பீர்களா, கல்யாணம் ஆனதா, ஏன் பிரிந்தீர்கள், சின்ன வயதில் யாராவது தொந்தரவு செய்தார்களா என்று கேட்டுக்கொண்டே போவார்கள். ரேஷன் கார்டுப் படிவம் போல ஒரு கட்டம் விடாமல் நிரப்பியாக வேண்டும் என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். அப்படி ஒரு சட்டமும் கிடையாது. "அதைப் பத்தி இன்னொரு நாள் பேசறேன் மேடம்." இவ்வளவுதான். இது முழுமையான பதில். இதில் பொய்யும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. பார்த்து அரை மணி நேரம் ஆன ஒருவரிடம் வாழ்க்கை முழுவதையும் கொட்டுகிறவர் வீட்டுக்குப் போய் இரவெல்லாம் தூங்குவதில்லை. அடுத்த வாரம் வருவதும் இல்லை. இதை நான் எத்தனையோ முறை பார்த்தாயிற்று.

ஆனால் நம்மவர்கள் அதிகம் மறைப்பது எதை என்று நினைக்கிறீர்கள்? காதலையா? கடனையா? இல்லை. மாத்திரையை!

"மாத்திரை சாப்பிடறீங்களா?" "சாப்பிடறேன் மேடம்." வாரத்தில் மூன்று நாள் சாப்பிட்டிருப்பார். கேஸ் மேனேஜர் 'ஒழுங்காக எடுக்கிறார்' என்று எழுதுவார். டாக்டர் பார்ப்பார். ஒழுங்காக எடுத்தும் குணம் தெரியவில்லையே, அளவு போதவில்லை போலிருக்கிறது என்று கூட்டுவார். 'சாப்பிடறேன்' என்ற அந்த ஒரு சொல், அடுத்த மாதம் கூடுதல் மில்லிகிராமாகத் திரும்பி வரும். இது எங்கே போகும் என்ற கேள்விக்கு இங்கே விடை தெளிவு: மருந்துச் சீட்டுக்குப் போகும். அங்கே பொய் போகக் கூடாது.

ஏன் சாப்பிடவில்லை என்பதையும் சொல்லுங்கள். ரிஸ்பெரிடோன் போன்ற சில மருந்துகள் உடம்பில் புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும். சில பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும். வீட்டில் மாமியார் விசேஷமா என்று கேட்பார். அந்தப் பெண் என்ன சொல்வாள்? ஆண் டாக்டரிடம் எப்படிச் சொல்வாள்? பேசாமல் மாத்திரையை நிறுத்திவிடுவாள். ஆண்களுக்கு வேறு விதம். தாம்பத்தியத்தில் வரும் தளர்ச்சியை யாரிடமும் சொல்ல முடியாமல், மருந்தால் வந்தது என்பதும் தெரியாமல், தனக்கே ஏதோ ஆகிவிட்டது என்று குமைந்துபோவார்கள். ஐயா, அம்மா, இதற்குத்தான் கேஸ் மேனேஜர் இருக்கிறார். "நீங்களே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மருந்தை மாற்ற வழி இருக்கிறது. நிறுத்தியதை யாரும் சொல்லாவிட்டால் அந்த வழி திறக்காது.

இன்னொன்று சொல்கிறேன், இது பலருக்குத் தெரியாது. க்ளோசபின் என்று ஒரு மருந்து. வேறு மருந்துகள் கேட்காதபோது கொடுப்பார்கள், ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொடுப்பார்கள். பீடி, சிகரெட் புகை உடம்புக்குள் போனால் இந்த மருந்தைக் கல்லீரல் வேகமாகக் கரைத்துவிடும். தினமும் ஒரு கட்டு பீடி பிடிக்கிறவருக்கு, அந்தப் பீடிக்கும் சேர்த்துத்தான் அளவு நின்றிருக்கும். கார்த்திகை பிறக்கிறது. அவர் மலைக்கு மாலை போடுகிறார். பீடியைத் தொடுவதில்லை. நல்ல காரியம், வீடே சந்தோஷப்படுகிறது. ஆனால் உள்ளே மருந்து ஏறிக்கொண்டே போகிறது. அசதி, வாயில் எச்சில் வடிதல், சிலருக்கு வலிப்பு வரை போகும். குடும்பம் என்ன நினைக்கும்? நோய் முற்றிவிட்டது என்று நினைக்கும். "மேடம், மாலை போட்டிருக்கேன், பீடியை விட்டுட்டேன்." இந்த வாக்கியத்தை யாராவது மருத்துவத் தகவல் என்று நினைப்பார்களா? ஆனால் அது மருத்துவத் தகவல். லித்தியம் எடுக்கிறவர் தண்ணீர்கூட இல்லாமல் நோன்பு இருந்தாலும் இதே கதைதான், ரத்தத்தில் அளவு ஏறும். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானே வாங்கிப் போட்டுக்கொள்ளும் புரூஃபன் வகை மாத்திரையும் அப்படித்தான். கோவில், தர்கா, நாட்டு மருந்து, மந்திரித்த கயிறு என்று எதைச் செய்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். பகுத்தறிவு வகுப்பு எடுக்கிற கேஸ் மேனேஜராக இருந்தால், கேட்டுக்கொண்டு, பிறகும் சொல்லுங்கள்.

மருந்து பற்றிய இன்னொரு ரகசியம் நோயாளியுடையது அல்ல, குடும்பத்துடையது. ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாம்பார்ல பொடிச்சுப் போட்டுக் கொடுத்துட்டு இருக்கேன், அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒரு நாள் அது தெரிந்துவிடும். தெரிந்த நாளில் மகன் மாத்திரையை மட்டுமா விடுவான்? அம்மா கையால் சாப்பிடுவதையே விட்டுவிடுவான். அந்த ரகசியத்தைக் கேஸ் மேனேஜரிடம் சொல்லுங்கள். ஆனால் காப்பாற்றச் சொல்லாதீர்கள், அதிலிருந்து வெளியே வர உதவி கேளுங்கள்.

இப்போது நேர் எதிரான ஓர் இடத்துக்கு வருகிறேன். மறைப்பதால் அல்ல, பெருமைக்குப் பேசுவதால் நஷ்டம் வரும் இடம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ்! 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி மனநோயால் வரும் இயலாமைக்கும் சான்றிதழ் உண்டு. பல சலுகைகளுக்கு 40 சதவீதம் எல்லை. அதை அளக்க ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறாரா, மனிதர்களோடு பழகுகிறாரா, பேசுவதைப் புரிந்துகொள்கிறாரா, வேலை செய்கிறாரா என்று நாலு பகுதி. "தானே குளிக்கிறாரா?" என்று கேட்பார்கள். அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "அதெல்லாம் குளிப்பான்" என்பார். குளிப்பான், உண்மைதான். பாத்ரூம் கதவுக்கு வெளியே அம்மா நின்றுகொண்டு, "சோப்புப் போட்டியா, தலைக்கு ஊத்தினியா, முதுகைத் தேயி" என்று ஒவ்வொன்றாகச் சொன்னால் குளிப்பான். கதவுக்கு வெளியே நிற்கிற அந்த அம்மா எங்கே? அந்தப் பதிலில் இல்லை. அதனால் சான்றிதழிலும் இருக்க மாட்டார். பிள்ளையின் கௌரவம் அந்த அறையில் போய்விடாது. உள்ளதை உள்ளபடி, உங்கள் உழைப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதே விஷயம் வேலை தேடும்போது தலைகீழாகும். முதலாளிக்கு நோயின் பெயர் எதற்கு? மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக லீவு வேண்டும், இரவு ஷிப்ட் வேண்டாம் என்பது போதும். கேஸ் மேனேஜர் உங்களுக்காகப் பேசப் போகிறார் என்றால், என்ன சொல்லப் போகிறீர்கள் என்று முன்கூட்டியே கேட்டு, வார்த்தையை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். சாதி, காதல், பழைய கடன், சொத்துத் தகராறு இவையெல்லாம் கேஸ் மேனேஜரின் வேலைக்குத் தேவைப்பட்டால் சொல்லுங்கள், இல்லையென்றால் உங்களோடு இருக்கட்டும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017. நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. அதன் 23-ஆம் பிரிவு: உங்களுக்குச் சிகிச்சை தருகிறவர்கள் உங்கள் தகவலைக் காக்கக் கடமைப்பட்டவர்கள். உங்கள் கேஸ் மேனேஜர் தொண்டு நிறுவனப் பணியாளராக இருந்தால், அந்த நிறுவனத்தின் விதி என்ன என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அடுத்தது 24-ஆம் பிரிவு. உங்கள் சம்மதம் இல்லாமல் உங்கள் படமோ தகவலோ ஊடகத்துக்குப் போகக் கூடாது. ஆண்டு விழா மலரில் 'குணமடைந்தவர்' என்று உங்கள் படத்தைப் போட ஆசைப்படுவார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஆனால் காப்பு முழுவதும் இல்லை. சிகிச்சை தரும் மற்ற மருத்துவப் பணியாளர்களுக்குத் தகவல் போகலாம். ஓர் உயிருக்கு ஆபத்து என்றால் போகலாம். இன்னொருவருக்குக் கேடு வரும் என்றால், அதைத் தடுக்கத் தேவையான அளவு மட்டும் போகலாம். நீதிமன்றம், மனநல மறுஆய்வு வாரியம் போன்றவை ஆணையிட்டால் போகும்.

இன்னொருவருக்குக் கேடு என்ற விதிவிலக்குக்குப் பின்னால் ஒரு பெண்ணின் சாவு இருக்கிறது. 1969. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகம். படிக்கப் போன இந்திய மாணவர் ஒருவர், ஒரு பெண்ணைக் கொல்லப் போகிறேன் என்று அங்கே தனக்குச் சிகிச்சை தந்த உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் பல்கலைக்கழகக் காவலர்களிடம் தெரிவித்தார். அவர்கள் பிடித்து விசாரித்து, தெளிவாகத்தான் இருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த அக்டோபரில் டாட்டியானா டாரசாஃப் கொல்லப்பட்டார். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். ஆபத்தில் இருப்பவரைக் காக்க நியாயமான முயற்சி எடுப்பது சிகிச்சை தருகிறவரின் கடமை என்று 1976-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உலகமெங்கும் மனநலப் பயிற்சி வகுப்புகளில் இந்த வழக்கைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

நம் நாட்டில் இன்னும் கண்டிப்பான ஒன்று உண்டு. போக்சோ சட்டம், 2012. ஒரு குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரிந்தால், தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கே தண்டனை. ஆகவே, "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு இதைச் சொன்னால், கேஸ் மேனேஜரால் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற முடியாது. நான் சொல்ல வேண்டாம் என்கிறேனா? இல்லவே இல்லை. ஒரு குழந்தை இன்றைக்கும் அந்த வீட்டில் இருக்கிறது என்றால் சொல்லியே தீர வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.

சாக வேண்டும் என்ற நினைப்பு. இதைத்தான் சொல்லப் பயப்படுகிறார்கள். சொன்னால் கட்டிப்போட்டு அட்மிட் பண்ணிவிடுவார்கள், போலீஸ் வரும் என்று பயம். சட்டம் மாறிவிட்டது. 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, குற்றவாளியாக அல்ல. நினைப்பு வருவது வேறு, நாளும் வழியும் குறித்து வைத்திருப்பது வேறு. கேட்கத் தெரிந்த கேஸ் மேனேஜருக்கு இந்த வித்தியாசம் தெரியும். "சில நேரம் இருக்கவே வேண்டாம்னு தோணுது, ஆனா எதுவும் பண்ணப் போறதில்லை" என்றால் அடிக்கடி பேசுவார், பார்ப்பார். "வீட்ல பூச்சி மருந்து வாங்கி வச்சிருக்கேன்" என்றால் அன்றே வீட்டுக்குச் சொல்வார், டாக்டருக்குச் சொல்வார். சொல்லத்தான் வேண்டும், அதற்கு நீங்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எந்தக் கேஸ் மேனேஜரும் போனை எடுக்கப் போவதில்லை. அப்போது 14416, டெலி மானஸ். இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் ஊரில் ரகசியம் ஃபைலிலிருந்து கசிவது குறைவு. எங்கிருந்து கசிகிறது? வீட்டு வாசலிலிருந்து! கேஸ் மேனேஜர் ஸ்கூட்டியில் வருகிறார். கழுத்தில் அட்டை, அட்டையில் மனநலம் என்று பெரிய எழுத்து. எதிர்வீட்டு அம்மா வாசல் தெளிப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார். கேஸ் மேனேஜர் வாசலில் நின்றபடியே, "ஊசி போட வரலையே, ஏன்?" என்கிறார். முடிந்தது கதை! இருபது வருடம் காத்த விஷயம் பத்து நிமிடத்தில் தெருவுக்குத் தெரியும். கடைசி வரிசைப் பிள்ளைகளே, அட்டையைத் தெருமுனையிலேயே கழற்றிப் பைக்குள் வையுங்கள். உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு பேசுங்கள். சிகிச்சைக்கு வருகிறவர்களே, நீங்களும் கேட்கலாம்: வீட்டுக்கு வர வேண்டாம், நூலகத்தில் பார்க்கலாம், கோவில் மண்டபத்தில் பார்க்கலாம், போனில் அம்மா எடுத்தால் ஆஸ்பத்திரி என்று சொல்லாதீர்கள் என்று. இதெல்லாம் சின்ன விஷயம் என்று நினைத்துத்தான் யாரும் கேட்பதில்லை.

அடுத்தது, குடும்பத்தில் யாருக்குத் தெரியலாம்? இதற்கு ஒரு வெள்ளைத்தாள் போதும், சொன்னால் நம்புவீர்களா? 2017 மனநலச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு. பதினெட்டு வயது நிறைந்த யாரும், தனக்காகப் பேச ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வக்கீல் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து, இல்லை கைநாட்டு. பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். தன் பொறுப்பைச் செய்யத் தேவையான தகவல் அவருக்குத்தான் போகும். நீங்கள் எழுதி வைக்காவிட்டால்? சட்டத்தின் வரிசையில் உறவினர் முன்னால் வந்து நிற்பார். எந்த உறவினர்? உங்களைத் தாங்குகிற தங்கையா, விவாகரத்துக்குக் காரணம் தேடுகிற கணவரா? இந்து திருமணச் சட்டத்தில் மனநோயையும் விவாகரத்துக்கு ஒரு காரணமாக வைத்திருக்கிறார்கள் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் பல பெண்களுக்குப் பட்டுத் தெரியும். ஆகவே அந்தத் தாளை இன்று இரவே எழுதுங்கள், தங்கை பெயரோ தோழி பெயரோ போடுங்கள். மறுமுறை போகும்போது, "ஃபைல்ல வைங்க மேடம்" என்று கொடுத்துவிட்டு, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேனே, என்ன செய்வது என்று சிலர் முகத்தில் தெரிகிறது. ஃபைலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 2017 மனநலச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு உங்கள் மருத்துவப் பதிவைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. எழுதிக் கேட்டால் அடிப்படைப் பதிவின் நகலை 15 நாளுக்குள் தர வேண்டும் என்று 2018-இல் வந்த விதிகள் சொல்கின்றன. உங்களுக்கே கடும் மனக்கேடு வரும் என்றோ, இன்னொருவருக்குத் தீங்கு வரும் என்றோ கருதினால் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கலாம். ஆனால் நிறுத்தி வைத்தோம் என்று சொல்ல வேண்டும், நீங்கள் மறுஆய்வு வாரியத்துக்குப் போகலாம். தப்பாக எழுதியிருந்தால் அங்கேயே சொல்லுங்கள். கேஸ் மேனேஜர் மாறினால், புதியவர் அந்தப் பழைய ஃபைலைப் படித்துவிட்டுத்தான் உங்கள் எதிரில் உட்காருவார். "என்னைப் பத்தி என்ன படிச்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

இனி உங்கள் முறை. இந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று மைக்கில் கேட்க யாரையும் அழைக்கப் போவதில்லை. பிள்ளைகள் துண்டுச்சீட்டு கொண்டுவருவார்கள். கேள்வியை எழுதுங்கள், பெயர் எழுத வேண்டாம். நான் படித்துப் பதில் சொன்னதும் சீட்டை இங்கேயே கிழித்துவிடுகிறேன்.